ஊசி போட்டும் எடை இறங்கவில்லை: மருந்து கேட்கிறதா, இல்லையா?

10 ஆகஸ்ட் 2025, காலை. சேலத்திலிருந்து ஒரு வாசகரின் கேள்வி

வயது 36. ஆரம்பித்தபோது எடை 94.6 கிலோ. எடை குறைய வாரம் ஒரு முறை போடும் டிர்செபடைட் ஊசியை, 2.5 மி.கி. அளவில், டாக்டர் எழுதிக் கொடுத்தார். ஆறு வாரம் முடிந்தது. இன்று காலை 93.8. ஒரு குப்பி 3,500 ரூபாய். ஆறு குப்பிக்கு 21,000 ரூபாய் கொடுத்து முக்கால் கிலோ இறக்கியிருக்கிறேன். கூட வேலை பார்ப்பவருக்கு இரண்டு மாதத்தில் ஒன்பது கிலோ போயிருக்கிறது. 5 மி.கி.க்கு ஏற்றச் சொன்னார் டாக்டர். அது ஒரு குப்பி 4,375. கேட்காத மருந்துக்கு இன்னும் காசைக் கொட்டுவானேன் என்று நான் ஏற்றவில்லை. நிறுத்திவிடலாம் என்று இருக்கிறேன். போட்டவர்கள் யாராவது சொல்லுங்கள்.

10 ஆகஸ்ட், இரவு

கேட்கவில்லை என்று தீர்ப்புச் சொல்லும் நேரம் இன்னும் வரவில்லை தம்பி. 2.5 மி.கி. எடை குறைப்பதற்காகக் கொடுக்கும் அளவே இல்லை. வயிறும் குடலும் பழகட்டும் என்று கொடுப்பது. நாலு வாரம் அதைப் போட்டுவிட்டு 5க்குப் போக வேண்டும் என்று பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளிலேயே இருக்கிறது. அதற்குப் பிறகும் போதவில்லை என்றால் 7.5, 10, 12.5, 15 என்று படி இருக்கிறது. ஒவ்வொரு படியிலும் குறைந்தது நாலு வாரம். இதே வகை ஊசியான செமாக்ளூடைட் போடுகிறவர்களுக்கு 0.25இல் ஆரம்பித்து 0.5, 1, 1.7, கடைசியில் 2.4. ஒழுங்காக ஏற்றினாலே முழு அளவைத் தொட நாலு மாதம் ஆகிவிடும்.

ஆக, நீங்கள் முதல் படியில் உட்கார்ந்துகொண்டு மாடி வரவில்லையே என்கிறீர்கள்.

நான் மதுரை. வயது 47. ஏப்ரலில் 88 கிலோவில் டிர்செபடைட் ஆரம்பித்தேன். 2.5 போட்ட முதல் மாதத்தில் எனக்கு ஒன்றரை கிலோ போனது, அதுவும் பாதி தண்ணீர் என்று இப்போது தோன்றுகிறது. இப்போது 5இல் இருக்கிறேன், எடை 81 பக்கம். நான் டாக்டர் இல்லை, வங்கியில் வேலை. டாக்டரிடம் கேட்டது, படித்தது, பட்டது இவ்வளவுதான் என் சரக்கு.

காசு பற்றிச் சொன்னது நியாயம். ஆனால் பணத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று 2.5லேயே மாதக்கணக்கில் நிற்பதுதான் இதில் மிகப் பெரிய செலவு. ஏற்றுங்கள், இல்லை டாக்டரிடம் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். நடுவில் நிற்காதீர்கள்.

11 ஆகஸ்ட்

கூட வேலை பார்ப்பவரின் ஒன்பது கிலோ. அவர் என்ன அளவில் இருக்கிறார், எத்தனை கிலோவில் தொடங்கினார், சோறு எவ்வளவு குறைத்தார், ஒன்றும் நமக்குத் தெரியாது. 130 கிலோக்காரருக்கு ஒன்பது போவதும் 94 கிலோக்காரருக்கு ஒன்பது போவதும் ஒன்றல்ல. கிலோவை விடுங்கள், சதவீதத்தில் பேசுவோம்.

12 ஆகஸ்ட்

"தினமும் காலையும் மாலையும் எடை பார்க்கிறேன், ஏறி ஏறி இறங்குகிறது" என்று ஒருவர். மாலையில் பார்ப்பதை முதலில் நிறுத்துங்கள் ஐயா. உப்பு, தண்ணீர், மலச்சிக்கல் இந்த மூன்றும் சேர்ந்தால் ஒரே நாளில் ஒன்றரை, இரண்டு கிலோ ஆட்டம் காட்டும். கல்யாண வீட்டில் ஊறுகாயும் அப்பளமும் பிரியாணியும் சாப்பிட்ட மறுநாள் ஏறியது கொழுப்பு இல்லை, உப்பு பிடித்து வைத்திருக்கும் தண்ணீர். பெண்களுக்கு மாதவிலக்குக்கு முந்தைய வாரம் தனிக் கணக்கு. இந்த மருந்து வேறு மலச்சிக்கலைக் கொண்டுவரும், மூன்று நாள் போகாவிட்டால் முள் எப்படி இறங்கும்?

வாரம் ஒரு நாள். ஊசி போடும் நாள் காலை, பாத்ரூம் போய்விட்டு வந்து, காபிக்கு முன்னால். எடை மெஷினை ஒரே இடத்தில் வையுங்கள். எங்கள் வீட்டில் மொசைக் தரையில் ஒரு எடை, கால்மிதி மேல் வைத்தால் வேறு எடை. கால்மிதி மேல் குறைவாகக் காட்டியதால் என் வீட்டுக்காரர் அதையே சரியான எடை என்று கொஞ்ச நாள் வாதாடிக்கொண்டிருந்தார்.

17 ஆகஸ்ட்

சதவீதம். டாக்டர்கள் வைத்திருக்கும் முதல் கோடு 5 சதவீதம். ஆரம்ப எடையில் இருந்து எண்ண வேண்டும், அளவு ஏற்றிய நாளில் இருந்து அல்ல. சேலத்துத் தம்பிக்கு 94.6இல் 5 சதவீதம் 4.7 கிலோ. 90க்குக் கீழே வந்தால் கோட்டைத் தாண்டியாகிவிட்டது.

எப்போது எண்ணுவது? மருந்துக்கு மருந்து வேறு. பழைய லிராக்ளூடைட் தினசரி ஊசிக்கு ஐரோப்பாவில், 3 மி.கி. முழு அளவைத் தொட்டு 12 வாரம் கழித்தும் 5 சதவீதம் போகவில்லை என்றால் நிறுத்து என்று விதி. அமெரிக்காவில் அதே மருந்துக்கு ஆரம்பித்த 16ஆவது வாரத்தில் 4 சதவீதம். டிர்செபடைட்டுக்கு, மருந்துகளை எப்படிக் கொடுப்பது என்று வழிகாட்டும் இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு சொல்வது, தாங்கக்கூடிய அதிகபட்ச அளவில் ஆறு மாதம் இருந்தும் 5 சதவீதம் குறையாவிட்டால் தொடர்வதா என்று உட்கார்ந்து முடிவு செய்யுங்கள் என்பது. கவனித்தீர்களா, எல்லா விதியும் போதுமான அளவைத் தொட்ட பிறகோ, நாலு மாதம் ஆன பிறகோதான் பேசுகிறது. ஆறாவது வாரத்தில் யாரும் தீர்ப்பு எழுதவில்லை.

ஏன் 5? அங்கேதான் சர்க்கரை, ரத்த அழுத்தம், டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு எல்லாம் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி அசைய ஆரம்பிக்கிறது. சட்டை அளவுக்காக வைத்த எண் அல்ல.

இன்னொரு பக்கமும் சொல்லிவிடுகிறேன். 2021இல் வந்த செமாக்ளூடைட் ஆய்வில் 1,961 பேர், 68 வாரம். சராசரியாக 14.9 சதவீதம் குறைந்தது. எல்லோரும் இந்த எண்ணைத்தான் விளம்பரம் மாதிரி சொல்கிறார்கள். அதே ஆய்வில் 5 சதவீதத்தைத் தொட்டவர்கள் 86 சதவீதம் பேர்தான். ஏழு பேரில் ஒருவருக்கு முழு அளவு மருந்து, ஆலோசனை எல்லாம் கொடுத்தும் அந்தக் கோடு எட்டவில்லை. ஆக "எல்லோருக்கும் கேட்கும், நீதான் ஒழுங்காகச் சாப்பிடவில்லை" என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

18 ஆகஸ்ட்

ஒரே வரி: 5 சதவீதம் எவ்வளவு என்று இன்றே கணக்குப் போட்டு காலண்டரில் எழுதிவையுங்கள். பிறகு எழுதினால் மனசு எண்ணை வளைக்கும்.

24 ஆகஸ்ட்

"எனக்குக் குமட்டலே இல்லை, அப்படியென்றால் மருந்து உள்ளே போகவில்லையா?" என்று ஒரு தங்கை திருநெல்வேலியில் இருந்து. வாந்தி எடுத்தால்தான் மருந்து வேலை செய்கிறது என்று எங்கிருந்து கிளம்பியதோ. குமட்டல் பெரும்பாலும் அளவு ஏற்றிய வாரங்களில் வந்து அடங்கிப் போகும். செமாக்ளூடைட் ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், குமட்டல், வாந்தி, பேதி இவற்றால் மட்டும் வந்த எடைக்குறைவு ஒரு சதவீதத்துக்கும் கீழே. மீதியெல்லாம் பசி குறைந்ததால் வந்தது. குமட்டல் இல்லாதவர்களுக்கும் எடை போகிறது. கஷ்டப்படாமல் குறைகிறதே என்று சந்தோஷப்படுங்கள்.

மருந்து கேட்கிறது என்ற அறிகுறியைப் பார்க்க வேண்டிய இடம் தட்டு. எங்கள் வங்கியில் நாலு மணிக்கு டீயோடு வாழைக்காய் பஜ்ஜி வரும். எண்ணெய் ஊறின பேப்பர் பொட்டலத்தைப் பிரிக்கும்போதே கை போய்விடும், இத்தனை வருஷமாக அப்படித்தான். 5 மி.கி. ஆரம்பித்த பிறகு ஒரு நாள் ஐந்தரைக்கு டிராயரைப் பூட்டும்போதுதான் பார்த்தேன், என் பங்கு பஜ்ஜி ஓரத்தில் ஆறிப்போய் அப்படியே கிடந்தது. வேண்டாம் என்று கட்டுப்படுத்திக்கொண்டது இல்லை. மறந்தே போயிருக்கிறேன். கட்டுப்பாடு எனக்கு எப்படி இருக்கும் என்று நன்றாகத் தெரியும், இருபது வருஷமாக டயட் இருந்தவள். இது அது இல்லை.

எடை மெஷினுக்கு முன்னால் இது தெரிந்தது. நாலு இட்லி ரெண்டரையில் நிற்கும். மூன்றாவது இட்லியின் பாதியைப் பார்த்தால் அது வேறு யாருடையதோ மாதிரி இருக்கும்.

25 ஆகஸ்ட்

நேற்று எழுதியதோடு ஒன்று. பசி அடங்குவது வாரம் முழுக்க ஒரே மாதிரி இருக்காது. டிர்செபடைட் உடம்பில் பாதியாகக் குறைய சுமார் ஐந்து நாள், செமாக்ளூடைட்டுக்கு ஒரு வாரம். குறைந்த அளவில் இருக்கும்போது ஐந்தாம், ஆறாம் நாள் பசி திரும்ப எட்டிப்பார்க்கும். அதை வைத்து மருந்து செத்துப்போனது என்று முடிவு கட்ட வேண்டாம். ஆறு நாள் அடங்காமல் ஒரு நாள் மட்டும் அடங்கினால் அதை டாக்டரிடம் சொல்லுங்கள். அளவு ஏற்றலாமா என்று அவர் முடிவு செய்ய அதுதான் உதவும்.

7 செப்டம்பர்

மருந்து கேட்கவில்லை என்பவர்களில் ஒரு கூட்டத்துக்கு மருந்தே உள்ளே போவதில்லை. இது தனிக் கதை.

முதலில் மாத்திரை. என் சித்தி மகள் சர்க்கரைக்கு செமாக்ளூடைட் மாத்திரை சாப்பிடுகிறாள். மூன்று மாதமாகச் சர்க்கரையும் இறங்கவில்லை, எடையும் இறங்கவில்லை. எப்படிச் சாப்பிடுகிறாய் என்று கேட்டேன். காலையில் ஃபில்டர் காபியோடு. அந்த மாத்திரையை வெறும் வயிற்றில், அரை டம்ளருக்கு மேல் போகாமல் 120 மி.லி.க்குள் தண்ணீரில் விழுங்கி, அரை மணி நேரம் எதுவும் தொடக்கூடாது. மற்ற மாத்திரையும் கூடாது. ஒழுங்காகச் சாப்பிட்டாலே அதில் உடம்பில் சேர்வது மிகச் சொற்பம். காபி ஊற்றினால் அதுவும் போச்சு. விவரத்தைச் சொன்னால் அவள் கேட்ட முதல் கேள்வி, "அந்த அரை மணி நேரம் நான் என்ன பண்ணுவது?"

அடுத்தது டிர்செபடைட் குப்பி. ஒரு குப்பியில் 0.5 மி.லி. இன்சுலின் சிரிஞ்சில் 50 கோடு வரை இழுக்க வேண்டும். குப்பியைத் தலைகீழாகப் பிடித்து, ஊசி முனை மருந்துக்குள்ளேயே இருக்கிற மாதிரி இழுக்காவிட்டால் காற்று வந்துவிடும், 40 கோட்டிலேயே தீர்ந்துபோன மாதிரித் தெரியும். விளக்கு வெளிச்சத்தில் பிடித்து, விரலால் தட்டிக் குமிழியை மேலே ஏற்றி, திரும்ப இழுங்கள். சிரிஞ்ச் நூறு யூனிட் வகைதானா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய நாற்பது யூனிட் சிரிஞ்ச் மருந்துக்கடைகளில் இன்னும் கிடைக்கிறது, அதில் கோட்டுக் கணக்கே வேறு.

மூன்றாவது வெயில். டிர்செபடைட் ஃபிரிட்ஜில் 2 முதல் 8 டிகிரி. வெளியே 30 டிகிரிக்கு மேல் போகாமல் 21 நாள் வரை தாங்கும். மதுரையில் மே மாதம் 30 டிகிரி எந்த வீட்டில் இருக்கிறது? ஃபிரீசர் பக்கத்தில் வைத்து உறைந்துபோனாலும் தூக்கிப் போட வேண்டியதுதான்.

கடைசியாக, இணையத்தில் பாதி விலைக்குப் பொடியாக விற்பது. 2024 ஜூனில் உலக சுகாதார நிறுவனமே போலி செமாக்ளூடைட் பற்றி எச்சரிக்கை விட்டது, பிரேசில், இங்கிலாந்து, அமெரிக்கா மூன்று இடத்திலும் பிடிபட்டிருந்தது. டாக்டர் சீட்டு இல்லாமல் தருகிறேன் என்பவரிடம் வாங்கிவிட்டுக் கேட்கவில்லை என்று இங்கே வராதீர்கள்.

9 செப்டம்பர்

ஒருவர் தனியாகக் கேட்டதைப் பொதுவில் சொல்கிறேன், பலருக்கும் வேண்டும். கருத்தடை மாத்திரை சாப்பிடும் பெண்கள் டிர்செபடைட் தொடங்கினால், தொடங்கிய நாலு வாரமும், ஒவ்வொரு முறை அளவு ஏற்றிய பிறகு நாலு வாரமும் வேறு தடுப்பு முறையும் சேர்க்க வேண்டும். வயிறு மெதுவாகக் காலியாவதால் மாத்திரை சரியாகச் சேராது. எடை குறையும்போது பி.சி.ஓ.எஸ். என்ற சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை இருப்பவர்களுக்கு முட்டை வெளிவருவது சீராகிவிடும், அது வேறு. கர்ப்பத்துக்குத் திட்டம் இருந்தால் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லி நிறுத்த வேண்டிய மருந்து இது.

28 செப்டம்பர்

புரட்டாசி வந்தாகிவிட்டது. கோழி, மட்டன் இல்லை, ஆகவே எடை குறைந்தால் அது பெருமாள் தயவா, ஊசி தயவா என்று நம் கரூர் நண்பர் கேட்டிருக்கிறார். கிண்டலாகக் கேட்டாலும் கேள்வி சரியானது. நான் ஆகஸ்ட் 17இல் சொன்ன ஆய்வில், ஒப்பிட்டுப் பார்க்க மருந்தில்லாத வெறும் தண்ணீர் ஊசி போட்டவர்களிலும் 31.5 சதவீதம் பேர் 5 சதவீதத்தைத் தொட்டிருக்கிறார்கள். டிர்செபடைட்டின் பெரிய ஆய்வு 2022இல் வந்தது, 2,539 பேர், அதிலும் தண்ணீர் ஊசிக்காரர்களில் 35 சதவீதம். உணவு, நடை, யாரோ மாதாமாதம் கேட்கிறார்கள் என்ற பயம், இதெல்லாம் சேர்ந்து கொடுப்பது அது.

ஆகவே 5 சதவீதம் போனால் "மருந்துதான்" என்று சத்தியம் பண்ண முடியாது. 12, 15 என்று போனால் பண்ணலாம், தண்ணீர் ஊசிக்காரர்களில் அவ்வளவு தூரம் போனவர்கள் சொற்பம். புரட்டாசி முடிந்ததும் தெரிந்துவிடும் கரூர்க்காரரே. ஐப்பசியிலும் இறங்கினால் ஊசி.

5 அக்டோபர்

நவராத்திரிச் சுண்டலைப் பற்றி எழுத வேண்டும். இது கிளை மாதிரித் தெரியும், ஆனால் கேள்விக்கு உள்ளேதான் இருக்கிறது.

எடை இறங்குகிறது, சரி. எதிலிருந்து இறங்குகிறது? டிர்செபடைட் ஆய்வில் உடம்பை ஸ்கேன் பண்ணிப் பார்த்தவர்களுக்கு, போன எடையில் கால் பங்கு கொழுப்பு இல்லாத உடம்பு, தசை உட்பட. முக்கால் பங்குதான் கொழுப்பு. நம் ஊர்ச் சாப்பாட்டில் இது இன்னும் மோசமாகலாம் என்பது என் எண்ணம், ஏனென்றால் தட்டில் முதலில் விழுவது சோறு. மூன்று வாய் சோற்றிலேயே வயிறு நிறைந்தால் பருப்பும் முட்டையும் தயிரும் அப்படியே மிச்சம். எனக்குப் பசி குறைந்த முதல் மாதங்களில் நடந்தது அதுதான். முள் ஜோராக இறங்கியது, குக்கர் மூடியைத் திறக்கக் கை நடுங்கியது.

இப்போது தட்டில் வரிசையை மாற்றிவிட்டேன். சுண்டலோ முட்டையோ பருப்போ முதலில், சோறு கடைசியில், இடம் இருந்தால். வாரத்தில் சில நாள் ரெண்டு கையிலும் தண்ணீர் கேன் பிடித்துத் தூக்கி இறக்குவது. எடை இறங்கும் வேகம் கொஞ்சம் குறைந்தது, படி ஏறும்போது மூச்சு வாங்குவது நின்றது. எது மருந்து கேட்கிறதற்கு அடையாளம் என்று கேட்டால் நான் படியைத்தான் சொல்வேன்.

முடி கொட்டுவது பற்றி மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். வேகமாக எடை போனால் இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொட்டும், பிரசவத்துக்குப் பிறகு கொட்டுகிற மாதிரியே. பெரும்பாலும் திரும்ப வரும். புரதமும் இரும்புச்சத்தும் பாருங்கள்.

12 அக்டோபர்

டெய்லர் கதை. தீபாவளி பிளவுஸ் தைக்க அளவு பிளவுஸைக் கொண்டுபோனேன். டெய்லர் அக்கா என்னைப் பார்த்தார், பிளவுஸைப் பார்த்தார், "இது யாரோட அளவு?" என்று கேட்டார். அதற்கு முந்தைய மூன்று வாரமும் எடை மெஷின் 79.4இலேயே நின்றுகொண்டிருந்தது. நாடா வைத்து அளந்தால் இடுப்பு ரெண்டு சென்டிமீட்டர் உள்ளே. ஆகவே நாடாவும் வாங்குங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பு மேட்டுக்கும் நடுவில், மூச்சை விட்டுவிட்டு அளக்க வேண்டும். தொப்புளை வைத்து அளக்காதீர்கள், தொப்பை இறங்க இறங்க அதுவும் இடம் மாறும். நம் நாட்டுக்கணக்கில் ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினால் கவலை. வெள்ளைக்காரர்களை விடக் குறைந்த எடையிலேயே நமக்குச் சர்க்கரை வருவதால் பி.எம்.ஐ. (உயரத்தோடு ஒப்பிட்ட எடை) கோடும் இங்கே கீழே, 25 தாண்டினாலே உடல் பருமன்.

26 அக்டோபர்

தீபாவளி முடிந்தது. ஆளாளுக்கு எவ்வளவு ஏறியது என்று எழுதவேண்டாம். அடுத்த வாரம் பார்ப்போம்.

வீட்டுக்காரர் கதை இப்போது. அவருக்குப் பத்து வருஷமாகச் சர்க்கரை. என் பின்னாலேயே அவரும் அதே மருந்து, அதே 5 மி.கி. எனக்கு 10 சதவீதம் போயிருக்க, அவருக்கு 4தான். "உனக்கு ஒரிஜினல், எனக்கு டூப்ளிகேட்" என்பார்.

சர்க்கரை இருப்பவர்களுக்கு இந்த மருந்துகளில் எடை குறைவாகத்தான் போகும். செமாக்ளூடைட் 2.4 மி.கி. சர்க்கரை இல்லாதவர்களுக்கு 15 சதவீதம் பக்கம் என்றால், சர்க்கரை இருப்பவர்களுக்கு அதே 68 வாரத்தில் 9.6. ஆகவே வீட்டில் ஒருவருக்குச் சர்க்கரை இருந்து இன்னொருவருக்கு இல்லை என்றால் போட்டி வைக்காதீர்கள்.

அதோடு அவர் சர்க்கரையை இறக்கும் கிளைமெபிரைடு மாத்திரையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பதினொரு மணிக்குக் கை நடுங்கி, வியர்த்து, பிஸ்கட் பாக்கெட்டைக் காலி பண்ணுவார். நாங்கள் அதைப் பசி என்று எண்ணி, மருந்து கேட்கவில்லை என்று பேசிக்கொண்டிருந்தோம். குளுக்கோமீட்டரில் பார்த்தால் 62. தாழ்சர்க்கரை. டாக்டர் கிளைமெபிரைடைப் பாதியாக்கி, பிறகு நிறுத்தினார். பிஸ்கட் தானாக நின்றது. இன்சுலினோ இந்த வகை மாத்திரையோ சாப்பிடுகிறவர்கள் "பசி அடங்கவில்லை" என்றால் முதலில் சர்க்கரையைப் பாருங்கள்.

அவருக்கு மருந்து கேட்கிறதா? மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 8.4இல் இருந்து 6.6. குறட்டை பாதியாகிவிட்டது, இதை நான்தான் சாட்சி சொல்ல முடியும். தூக்கத்தில் மூச்சு தடைப்படும் நோய்க்கே 2024 டிசம்பரில் அமெரிக்காவில் டிர்செபடைட்டுக்கு அனுமதி கொடுத்திருக்கிறார்கள். ஆகவே ஆகஸ்ட் 17இல் நான் போட்ட 5 சதவீதக் கோட்டை அவருக்காகக் கொஞ்சம் தளர்த்துகிறேன். எடைக்காக மட்டும் போடுகிறவருக்கு அந்தக் கோடு சரி. சர்க்கரை, குறட்டை, கொழுப்புக் கல்லீரல் என்று வேறு கணக்கு இருப்பவர் அந்தக் கணக்கையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

9 நவம்பர்

சேலத்துத் தம்பி திரும்ப வந்திருக்கிறார். 5க்கு ஏற்றினாராம், இப்போது 89.1. கணக்குப் போட்டால் 5.8 சதவீதம். வாழ்த்துகள். "முதலிலேயே ஏற்றியிருந்தால் ரெண்டு குப்பி மிச்சமாகியிருக்கும்" என்கிறார். ஒன்றும் சொல்வதற்கில்லை.

ஆனால் அதே வாரம் ஈரோட்டில் இருந்து ஒருவர் எழுதியது என்னை உலுக்கியது. வெளிநாட்டில் இருந்து வரவழைத்த செமாக்ளூடைட், 2.4 முழு அளவு, ஏழு மாதம், விடாமல். ஃபிரிட்ஜ், டாக்டர் சீட்டு எல்லாம் ஒழுங்கு. போனது 2 சதவீதம். வீட்டில் எல்லோரும் ரகசியமாகத் தின்கிறான் என்கிறார்களாம்.

ஐயா, நீங்கள் அந்த ஏழில் ஒருவராக இருக்கலாம். நிறுத்துவதற்கு முன் டாக்டரிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். ஒன்று, வேறு ஏதாவது மருந்து எடையை ஏற்றிக்கொண்டிருக்கிறதா. ஸ்டீராய்டு, மனநோய்க்கான ஒலான்சபின், வலிப்புக்கான வால்ப்ரோயேட், சில மனச்சோர்வு மாத்திரைகள் எல்லாம் ஏற்றும். அதை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், மாற்று இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். இரண்டு, தைராய்டு பார்த்தாகிவிட்டதா. அதற்குப் பிறகும் இல்லை என்றால் டிர்செபடைட்டுக்கு மாறுவது, இல்லை அறுவை சிகிச்சை. கேட்காத மருந்தை மாதாமாதம் காசு கொடுத்துத் தொடர்வது தண்டம். நிறுத்துவதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

16 நவம்பர்

செமாக்ளூடைட் ஊசியான வெகோவியின் விலையை 2025 நவம்பரில் இறக்கினார்கள், 37 சதவீதம் வரை. 0.25 மி.கி. மாதத்துக்கு 17,345 இருந்தது அப்போது 10,850 ஆனது. செமாக்ளூடைட்டின் காப்புரிமைக்கு இங்கே 2026 மார்ச்தான் கெடு, அதற்கு முந்திக்கொண்டார்கள் என்று நினைக்கிறேன். அப்புறம் நம் ஊர் கம்பெனிகள் இறங்கினால் விலை இன்னும் சரியும். விலை இறங்கினால் 0.25லேயே நின்றுகொண்டு "கேட்கவில்லை" என்பவர்கள் குறைவார்கள் என்று ஒரு ஆசை.

30 நவம்பர்

"நிறுத்திய மூன்றே மாதத்தில் ஐந்து கிலோ திரும்ப ஏறிவிட்டது. அப்போ மருந்து வேலையே செய்யவில்லை, ஏமாற்று" என்று ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார்.

நேர் மாறாகப் பாருங்கள். செமாக்ளூடைட்டை 20 வாரம் கொடுத்து, பிறகு பாதிப் பேருக்கு மேல் தொடர்ந்தும், மீதிப் பேருக்குச் சொல்லாமல் தண்ணீர் ஊசிக்கு மாற்றியும் ஒரு ஆய்வு நடந்தது. தொடர்ந்தவர்களுக்கு இன்னும் 7.9 சதவீதம் இறங்கியது, மாற்றப்பட்டவர்களுக்கு 6.9 சதவீதம் ஏறியது. இன்னொன்றில், 68 வாரம் போட்டு நிறுத்தியவர்களுக்கு ஒரு வருடத்தில் குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்ப வந்தது. மருந்து பிடித்து வைத்திருந்ததால்தான் விட்டதும் ஏறுகிறது. பிரஷர் மாத்திரையை நிறுத்தினால் பிரஷர் ஏறும், அதற்காக மாத்திரை போலி என்கிறோமா?

அதேபோல முள் நின்றுபோவது. ஒரு வருடத்தை ஒட்டிப் பெரும்பாலும் ஒரு இடத்தில் நிற்கும். அங்கே ஏறாமல் இருந்தால் மருந்து தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கிறது. இதை நானே எனக்கு அடிக்கடி சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது, எனக்கு முள் அசையாத வாரங்கள் பிடிப்பதில்லை. வாழ்நாள் முழுக்கவா என்ற கேள்வி எனக்கும் உண்டு. பதில் இல்லாமல்தான் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

1 டிசம்பர்

மேல் வயிற்றில் கடுமையான வலி, முதுகுக்குப் பரவுகிறது, வாந்தி நிற்கவில்லை என்று நேற்று நள்ளிரவு இங்கே எழுதிய சகோதரி, இதைப் படித்தால் அடுத்த ஊசியைத் தொடாமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். கணைய அழற்சியா, பித்தப்பைக் கல்லா என்று அவர்கள் பார்க்கட்டும். இரண்டும் இந்த மருந்தில் நடக்கக்கூடியதே. "மருந்து நன்றாகக் கேட்கிறது போல" என்று கீழே எழுதியவர் அதை அழித்துவிடுங்கள்.

2 டிசம்பர்

சகோதரி பதில் எழுதியிருக்கிறார். பித்தப்பைக் கல். அட்மிட் ஆகியிருக்கிறார். சரி.

14 டிசம்பர்

வீட்டுக்காரர் மாலை போட்டிருக்கிறார். சபரிமலைக்குக் கிளம்பும் நாளும் ஊசி நாளும் ஒன்றாக விழுகிறது. இருமுடியில் ஐஸ் பை வைக்கலாமா என்று குருசாமியிடம் கேட்கப் போகிறேன் என்றார், நான் தடுத்துவிட்டேன். ஐஸ் தேவையே இல்லை: இரண்டு ஊசிக்கு நடுவில் குறைந்தது மூன்று நாள் இருந்தால் நாளை மாற்றிக்கொள்ளலாம், கிளம்புவதற்கு முந்தைய நாளே போட்டுவிட்டுப் போகலாம். மறந்துபோனாலும் நாலு நாளுக்குள் ஞாபகம் வந்தால் போடலாம், அதைத் தாண்டினால் விட்டுவிட்டு அடுத்த முறை. இரண்டைச் சேர்த்துப் போடக்கூடாது. மலை ஏறி இறங்கி வந்ததும் எடை பார்க்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். வியர்வையில் போன தண்ணீரைக் காட்டி ஒரு வாரம் பெருமை பேசுவார்.